சைவச் சட்டி

எமது நாட்டிலே சைவம் என்னுஞ் சொல் இரு பொருளிலே வழங்குகின்றது. சிவபெருமானை முழுமுதற் கடவுளாகக் கொண்டு வழிபடுஞ் சமயம் ஒன்று. மச்சமாமிசம் சேராத உணவு மற்றொன்று. ‘இன்று வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டிலே சைவம்’ என்று ஒருவர் சொல்லுங்கால், சொல்பவரும் கேட்பவரும் பின்னதனையே கருதுகின்றனர். வேற்றுநாட்டார் ஒருவர் இதனைக் கேட்பாராயின், மற்றை ஆறு நாளும் இவர் எச்சமயத்தவரோ என்று ஐயுறுதல் கூடும். நகைப்புக்கு இடமாகிய இவ்வழக்கினுள்ளும் ஓர் உண்மை கிடக்கின்றது. நம் முன்னோர் தம் சமயத்தின் பெயரையே தம் சட்டிக்கும் இட்டனர். அப்பெரும் பெயரைத் தாங்குதற்கு, அச்சட்டியினுள்ளே மச்சம் இல்லாதிருத்தல் மாத்திரம் போதுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

இது பண்டிதர்களுக்கு மாத்திரம் உரிய ஆராய்ச்சியன்று. உபாத்தியாயர்களாகிய நம்மை நாடோறும் வந்தடைவது. திருக்குறளிலே புலான்மறுத்தல், கொல்லாமை என்னும் அதிகாரங்களைக் கற்பிக்கும் வேளையிலே நம்முன் இருக்கும் பிள்ளைகளுட் பலர் அன்று காலையிலே மீன்குழம்போடு இடியப்பம் உண்டு வந்தவர். ஒருவனுடைய தந்தை முதனாளிரவு கடலுக்குச் சென்று விடியற்காலையிலே கரைசேர்ந்தவர். அப்பிள்ளையின் கொப்பியும் பென்சிலும் மீன் விற்ற காசினால் வந்தவை. புலாலுண்பாருக்கு அருள் இல்லை என நாம் பொருளுரைக்கும்போது, அவன் முகத்தை நோக்கி உரைக்கின்றோமா, கரும்பலகையை நோக்கி உரைக்கின்றோமா? இதற்கு விடை கூறுதல் எளிதன்று. அதற்கு முன்னே தெளியவேண்டியன சில உள.

சைவசித்தாந்தம் பொருள்களைப் பதி, பசு, பாசம் என மூன்றாக வகுக்கின்றது. உயிருக்குப் பசு என்று பெயரிட்டமை கருதற்பாலது. பாசமாகிய கயிற்றினாலே கட்டுண்டு கிடத்தலின் உயிர் பசு எனப்பட்டது. தொழுவத்திலே நிற்கும் மாட்டுக்கும் அப்பெயரே. அதன் கயிற்றைப் பிடித்து நிற்பவனுக்கும் அப்பெயரே. உபாத்தியாயருக்கும் நீதிபதிக்கும் அப்பெயரே. உயிர்கள் எண்ணில்லாதன என்பதும், ஒவ்வோருயிரும் அநாதி என்பதும், ஆணவமலத்தாற் பிணிப்புண்டு வினைக்கீடாக உடம்பெடுத்து, இன்பதுன்பங்களை நுகர்ந்து, பக்குவமடைந்து திருவருளைச் சாரும் என்பதும் சித்தாந்தத் துணிபு. மீனுடம்பிலே இருப்பதும் இவ்வழியிலே நடந்துகொண்டிருக்கும் உயிரே. அவ்வுடம்பு அதற்கு இறைவன் அளித்த விளக்கு. அதனை இடைவழியிலே அவித்தற்கு நமக்கு உரிமை யாது?

ஆகவே கொலை தீதென்பதற்குக் காரணம் இரத்தத்தைக் கண்டு அருவருத்தலன்று. அருவருப்பு வேறு, அருள் வேறு. அருவருப்பானது மீனை விலக்குவதோடு மீன்பிடிப்பவனையும் விலக்கும். அவன் இருந்த வாங்கிலையும் விலக்கும். அருளோ மீனுக்கும் இரங்கும், மீன்பிடிப்பவனுக்கும் இரங்கும். புறத்தே நோக்குவார்க்கு இரண்டுஞ் செய்வது ஒன்றுபோலத் தோன்றும். சட்டியிலே மச்சம் இல்லை, அவ்வளவே. உள்ளே அவை ஒன்றற்கொன்று பகை.

மரக்கறியிலும் உயிர் உண்டே என்று வினவுவாருமுளர். உண்டு. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் எனத் தொல்காப்பிய மரபியல் வகுத்திருக்கின்றது. நம் முன்னோர் இதனை அறியாது மரக்கறி உண்டாரல்லர். உடம்பெடுத்த எவரும் பிறவுயிருக்கு யாதோர் ஊறுஞ் செய்யாது ஒருநாளும் உயிர்வாழ்தல் இயலாது. ஆதலின் ஊறு குறைந்த வழியைத் தேர்ந்து நடத்தலே இயல்வதாகிய அறம். முழுமையாகச் செய்தல் இயலாதென்பது சிறிதளவுஞ் செய்யாது விடுதற்கு நியாயமாகாது. கொன்றவன் வேறொருவன், யான் விலைக்கு வாங்கினேன் என்பாருடைய நியாயத்தைத் திருவள்ளுவரே எடுத்து மறுத்துவிட்டமையால் அதனை இங்கு விரித்தல் வேண்டா.

இவற்றினும் கடினமான வினா மாணாக்கரிடத்திருந்து வருவது. ‘கண்ணப்பநாயனார் படைத்த இறைச்சியைச் சுவாமி ஏற்றுக்கொண்டாரே, அப்படியாயின் நாம் உண்டால் என்ன?’ இவ்வினாவைக் கேட்ட பிள்ளையை அதட்டி இருத்துதல் ஆகாது. அவன் புராணத்தைக் கவனமாய்க் கேட்டிருக்கின்றான். திண்ணனார் வேட்டுவர் குலத்திலே பிறந்து, வேட்டையன்றிப் பிறிதொரு வாழ்வறியாது வளர்ந்தவர். தாம் அறிந்த உணவினுள்ளே சிறந்தது எதுவோ அதனைத் தாம் சுவைத்துப் பார்த்து, நல்லதைத் தெரிந்து, பசித்திருக்கின்றார் என்று தாம் கருதிய பெருமானுக்கு ஊட்டினார். இறைவன் ஏற்றது அவ்வன்பை. அவ்வன்பின் அளவு யாதென்பது, காளத்தியிலே கண்ணிலிருந்து உதிரம் வழியக் கண்டபொழுது தம் கண்ணை இடந்து அப்பியபோது வெளிப்பட்டது. இக்காலத்திலே இறைச்சிக்குக் கண்ணப்பரைச் சாட்சிக்கு அழைப்போர் பலர். கண்ணுக்கு அவரைச் சாட்சிக்கு அழைப்பார் ஒருவரையேனும் யாம் கண்டிலேம். சிறுத்தொண்டநாயனார் புராணத்தைப்பற்றி எழும் வினா இதனினும் ஆழமானது. அது தனியே எழுதற்குரியது.

இனிப் பாலைப்பற்றிய வினா. 1847ஆம் ஆண்டிலே இங்கிலாந்திலே புலாலுண்ணாதார் சங்கம் ஒன்று தொடங்கியது. ஏறக்குறைய நூறாண்டின் பின், 1944ஆம் ஆண்டிலே, டொனால்ட் வாட்சன் என்பவரும் அவர் நண்பருஞ் சிலர், புலாலை விலக்கிப் பாலையும் முட்டையையும் உண்ணுதல் பொருந்தாது என்று கூறிப் பிரிந்து, வீகன் என்னும் புதுப்பெயரைத் தமக்கு இட்டுக்கொண்டனர். கன்றுக்குரியதைக் கவரும் தொழிலும் கொலைத்தொழிலும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்பது அவர் கொள்கை. இப்பொழுது நம் இளைஞருட் சிலரும், புலம்பெயர்ந்து வாழும் நம்மவர் பிள்ளைகளுட் சிலரும் இதனைக் கைக்கொள்ளுகின்றனர். பெரியோர் கேட்டு நகைக்கின்றனர். ஆனைந்தாடும் பெருமானை வழிபடும் நமக்குப் பாலைப்பற்றி வெள்ளைக்காரர் கற்பிப்பதா என்கின்றனர்.

நகைத்தல் விடையாகாது. நம் சாத்திரங்கள் பாலை விலக்கவில்லை, அது மெய்யே. ஆயின் அவை அறிந்த பால் எது? வளவிலே கட்டிய பசு. கன்று குடித்தபின் கறந்த பால். பால் வற்றியபின்னும் வைக்கோலும் கஞ்சித்தண்ணீரும் பெற்று, அவ்வளவிலேயே முதிர்ந்து இறந்த மாடு. நாம்பன் கன்று பிறந்தால் அதற்கும் வேலை இருந்தது. தோட்டம் உழுதது, துலா மிதித்த காலத்திலே எரு சுமந்தது, வண்டி இழுத்தது. உழவு இயந்திரமும் லொறியும் வந்தபின் நாம்பனுக்கு நம் ஊரிலே தொழில் இல்லை. பசுவுக்குப் பால் சுரத்தற்கு அது கன்று ஈனுதல் வேண்டும். ஈனுங் கன்றுகளிற் பாதி நாம்பன். அவை எங்கே போகின்றன? தரகன் வந்து கொண்டுபோகின்றான். எங்கே கொண்டுபோகின்றான் என்று நாம் வினவுவதில்லை. வினவாமையே நமக்குச் சுகமாயிருக்கின்றது.

அன்றியும், இன்று நம் வீடுகளிலே தேநீரிற் கலக்கப்படுவது பெரும்பாலும் வளவிற் கறந்த பாலன்று. கடையிலே பைக்கற்றில் வாங்கிய பால்மா. இலங்கையிலே விற்கப்படும் பால்மாவிற் பெரும்பகுதி நியூசிலாந்து முதலிய நாடுகளிலிருந்து கப்பலேறி வருவது. அந்நாடுகளின் பெரும்பண்ணைகளிலே பிறந்த சில நாளில் தாயினின்று பிரிக்கப்பட்டுக் கொலைக்களத்துக்கு அனுப்பப்படும் கன்றுகள் பல. மச்சம் தொடாத கையினாலே நாம் பால்மாத் தேநீரைக் கலக்கும்போது, அக்கன்றுகளோடு நமக்கு யாதோர் உறவும் இல்லையென்று சொல்லல் கூடுமா?

எமது கருத்து இது: பாலுக்குச் சாத்திரந் தந்த அனுமதி கன்றையுங் காக்கும் வீட்டாருக்குத் தந்த அனுமதி. அவ்வொழுக்கம் நிலைபெறும் வீட்டிலே பால் குற்றமன்று. அவ்வொழுக்கம் அற்றவிடத்து அவ்வனுமதியும் அறும். கோயில் அபிடேகத்தைப்பற்றி ஆகமம் வல்லார் ஆராய்க. அது எம் தகுதிக்கு மேற்பட்டது. அடுக்களையைப்பற்றி ஆராய்தற்கு ஆகமவல்லார் வேண்டியதில்லை. வெறுந்தேநீரும் ஒரு துண்டு பனங்கட்டியும் நம் பாட்டன் பாட்டியர் அறிந்தவையே. குழந்தைகளையும் நோயாளரையும் இதில் நெருக்குதல் ஆகாது. பாலையும் முற்றாக விடுவோர் விற்றமின் பீ 12 என்னும் சத்து மரக்கறியிலே போதியவளவு கிடையாதென்பதை அறிந்து, வைத்தியரைக் கேட்டு அதனை வேறாகப் பெறுதல் வேண்டும். விரதத்தின் பெயரால் இரத்தங் குன்றிக் கிடத்தலைச் சிவபெருமான் விரும்புவரென்று எந்நூலும் கூறவில்லை.

வீகன் சமையல் என்றவுடன் ஏதோ அரிய புதுமை என்று அஞ்சுவோர் தம் அடுக்களையிலே ஒருமுறை நின்று பார்ப்பாராக. யாழ்ப்பாணத்து அடுக்களையிலே பால் என்றால் அது தேங்காய்ப்பாலே. பாற்கறி, பாற்சொதி, பாற்கஞ்சி என்பவற்றுள் மாட்டின் பால் எங்கே இருக்கின்றது? வெங்காயமும் பச்சைமிளகாயும் வெந்தயமும் மஞ்சளும் கப்பிப்பாலிலே அவிந்தபின், முதற்பாலை விட்டு, பொங்குமுன் இறக்கித் தேசிக்காய்ப்புளி விட்ட சொதிக்கு வேறெதுவும் வேண்டுவதில்லை. முருங்கையிலை வறை, கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய்க் கறி, பருப்பு, குரக்கன் பிட்டு, நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி ஆகிய இவற்றுள் ஒன்றேனும் தொழுவத்தை நாடாது. தைப்பொங்கற் புக்கையும் பச்சையரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய்ப்பால் என்பவற்றாலேயே பல வீடுகளில் ஆகின்றது. மாரி தொடங்கி வேலியோரம் முசுட்டையும் முல்லையும் தூதுவளையும் தழைக்குங் காலத்திலே இலைக்கஞ்சி காய்ச்சினால், காசு செலவின்றி ஒரு குடும்பத்தின் காலைப்பசி தீரும். ஒடியற்கூழ் மீனில்லாமற் சுவைக்காது என்பார், பலாக்கொட்டையும் பயற்றங்காயும் மரவள்ளியும் நிறைய இட்டு, புளியையும் செத்தல்மிளகாயையும் அளவறிந்து கூட்டிக் காய்ச்சிக் குடித்த பின்னர்ப் பேசுவாராக. நெய்யும் தயிரும் விருந்துநாளிலே இலைக்கு வருவன. நாட்சமையலைத் தாங்குவது தென்னையும் எள்ளும் பயறுமே. நம் ஊரிலே வீகனாய் வாழ்தற்கு மறக்கவேண்டியது தேநீர்க் கோப்பையிலுள்ள பால்மா ஒன்றே என்று கூறினும் பெரிதும் பிழையாகாது. கடைச் சாப்பாட்டிலே எச்சரிக்கை வேண்டும். மரக்கறி என்று விற்கும் சம்பலிலே மாசி இடிபட்டுக் கிடத்தல் உண்டு.

சமையல் எளிது. குடும்பம் அத்துணை எளிதன்று. குடும்பத் தலைவர் ஒருவர் கந்தசட்டி விரதத்தோடு மச்சத்தை விட்டார் என்று கொள்வோம். அயலார் போற்றுகின்றனர். மனைவியும் பிள்ளைகளும் விடவில்லை. அன்றுதொட்டு அவ்வீட்டிலே இரண்டு சட்டி, இரண்டு அகப்பை, இரண்டு அடுப்பு. அம்மையார் புறவடுப்பிலே பிள்ளைகளுக்கு மீன் காய்ச்சி, மச்சச்சட்டியை வேறாகக் கழுவிக் கவிழ்த்து, தலைமுழுகி, ஈரத்தலையோடு உள்ளே வந்து சைவச்சட்டியை ஏற்றுகின்றார். ஐயா பூசையை முடித்து வந்து பலகையில் அமர்ந்து, சொதியிலே உப்புக் குறைவென்கின்றார். விரதம் ஐயாவுடையது, அதன் வருத்தம் முழுவதும் அம்மையாருடையது. ஓருயிரை வருத்தாமைக்கென்று பூண்ட விரதம் மற்றோருயிரை நாடோறும் இருமுறை அடுப்பின்முன் நிறுத்துமாயின், அவ்விரதத்தின் பயன் யார் கணக்கிலே எழுதப்படும் என்பதை ஐயாவே சிந்திப்பாராக. திருவலை ஆண்மக்கள் இருத்தற்கு ஆகாத ஆசனமென்று எந்த ஆகமத்திலும் விதியில்லை. மச்சம் விட்டவர் தம் தேங்காயைத் தாமே துருவுக. தம் சட்டியைத் தாமே கழுவுக. அதனைக் காணும் பிள்ளைகள் தந்தையின் விரதத்தை மதிப்பர். மதித்தபின் தாமும் ஒருநாள் கேட்பர். வற்புறுத்தி மச்சத்தை நிறுத்திய வீட்டுப் பிள்ளை சந்திக்கடையிலே பொரித்த இறாலைத் தேடுதலை எத்தனை ஊர்களிலே காண்கின்றோம்!

இனி, வித்தியாசாலை. முன்னர்க் கூறிய அருவருப்பு, அருள் என்னும் வேறுபாடு இங்கேதான் நம்மைச் சோதிக்கின்றது. சைவ உணவென்பது நம் நாட்டிலே நெடுங்காலம் சாதியின் முத்திரையாகவும் பயன்பட்டது. இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. 1920ஆம் ஆண்டுகளின் இறுதியிலே சமாசனம், சமபோசனம் என்னும் கொள்கைகள் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுள் நுழைந்தபோது, எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கிலில் இருத்தலை எதிர்த்தோருட் சைவாசாரத்தைக் காரணங்காட்டினோர் பலர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. ஓர் எறும்பையும் மிதியாது நடப்பேம் என்றவர், ஒரு பிள்ளை வாங்கிலில் இருந்ததைப் பொறுக்கவில்லை. மச்சந் தீண்டாத நாவினால் அப்பிள்ளையைக் குலப்பெயர் சொல்லி அழைத்தவர், கொல்லாமையைக் கற்பித்தாரென்று எவ்வாறு கூறுவது?

ஆறுமுகநாவலரவர்கள் கோயில்களிலே உயிர்ப்பலியிடுதலை வன்மையாகக் கண்டித்தார்கள் என்பதை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்லுகின்றோம். 1877ஆம் ஆண்டு பஞ்சத்தினால் யாழ்ப்பாணம் வருந்தியபோது அவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார்கள் என்பதை அத்துணை அடிக்கடி சொல்லுவதில்லை. அதற்குப் பத்தாண்டு முன்னர், 1867ஆம் ஆண்டிலே, வடலூரிலே இராமலிங்க சுவாமிகள் தருமச்சாலையை நிறுவி அடுப்பு மூட்டினார்கள். அருட்பாவைப்பற்றி இவ்விருவருக்கும் நிகழ்ந்த வாதத்தை அறிந்தோர், இருவரையும் ஒரே பந்தியிலே வைத்து எழுதுதலை விரும்பார். கஞ்சிக்கு வந்து நின்ற ஏழைக்கு அவ்வாதந் தெரியாது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே, மடங்களிலே இன்றும் வந்தவரை யாரென்று வினவாது சோறிடுகின்றனர். அங்கே ஒருநாள் உண்டவன், புலான்மறுத்தலைப்பற்றிய பத்துப் பிரசங்கங் கேட்டவனினும் மரக்கறியை மதித்துத் திரும்புகின்றான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாட் பெருவிழாக் காலத்திலே ஊரின் பெரும்பகுதி மச்சத்தை விடுகின்றதே. அது கண்டனத்தினால் வந்ததன்று, விழாவினால் வந்தது.

ஆகவே கடற்கரைப் பிள்ளையின் முன்னே நாம் புலான்மறுத்தலை மறைத்துவிடல் வேண்டா, மழுப்பவும் வேண்டா. அதிகாரத்தின் பொருளை உள்ளவாறு கூறுக. கூறிய அன்றே அதிபத்தநாயனாரையுங் கூறுக. அவர் நாகப்பட்டினத்துக் கடற்கரையிலே பரதவர் குலத்திலே தோன்றியவர். வலையிலே கிடைப்பனவற்றுள் ஒரு மீனை நாடோறும் சிவபெருமானுக்கென்று கடலிலே விட்டுவந்தார். மீன்வளம் அற்று, ஒரு மீன் மாத்திரம் கிடைத்த நாளிலும், சுற்றத்தார் பசித்திருக்கவும், அவ்வொன்றையே விட்டார். பொன்மீன் கிடைத்த நாளிலும் அதனையே விட்டார். பிறர் பூவும் பழமும் படைத்தனர். இவர் ஓருயிரை உயிரோடு விடுதலையே படையலாக்கினார். அறுபத்துமூவருள் ஒருவராய்த் திருக்கோயிற் பிரகாரத்திலே அவர் நிற்கின்றார். தன் தந்தையின் தொழிலைச் செய்த ஒருவருக்கு ஊரார் தீபங் காட்டுகின்றனர் என்பதை அப்பிள்ளை அறிதல் வேண்டும். அதன்பின் கொல்லாமையைப்பற்றி அவன் நம்மோடு வாதிட்டாலும் வாதிடுக. தலைகுனிந்து இருப்பதிலும் அது நன்று.

செய்தற்கு எளிய காரியம் ஒன்று உண்டு. வீடுதோறும் நாளுக்கு ஒருபிடி அரிசியை உலை வைக்குமுன் வேறாக எடுத்துவைக்கும் பிடியரிசி வழக்கம் நம் ஊர்களிலே முன்னர் இருந்தது. அதனை மீள எழுப்பி, வெள்ளிக்கிழமைதோறும் பாடசாலையிலே ஒரு பானை இலைக்கஞ்சி காய்ச்சலாம். இலை பறித்தலும் தேங்காய் துருவுதலும் மேல்வகுப்பு மாணாக்கர் வேலை. ஆண்பிள்ளைகளும் அதிலே சேர்க. எல்லாரும் ஒரு வரிசையில் இருந்து, ஒரு பானையிற் குடித்தல் வேண்டும், உபாத்தியாயரும் அவ்வரிசையிலேயே. ஆவணி மாதத்து ஆயிலியத்திலே அதிபத்தநாயனார் குருபூசை வரும். அன்று கஞ்சி காய்ச்சும் பொறுப்பைக் கடற்கரைப் பிள்ளைகளிடமே விடுக.

இவ்வாறு தொடங்குமிடங்களிலே ஒரு கேள்வி எழும். மீன்விற்ற காசினால் வாங்கிய அரிசி பிடியரிசிப் பானையிலே சேரலாமோ என்று முகாமையாளரோ பெற்றோருள் ஒருவரோ கேட்பர். பால்மா வாங்கும் வீட்டாரின் அரிசி சேருமாயின் அதுவுஞ் சேரும். அவ்வரிசியை வேறு பையிலே வாங்கி வேறாக வைக்கும் ஏற்பாடு செய்யப்படுமாயின், அன்று கஞ்சியைக் காய்ச்சாது விடுக.